தகட்டில் ஓட்டை போட எந்தக் கட்டர்? பட்டறைகளில் பார்த்தது

பாரிமுனை டூல்ஸ் கடைகளில் போய் நின்றால் முதல் கேள்வியே "என்ன சைஸ் சார்?" என்பதுதான். சைஸுக்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: என்ன உலோகம், எவ்வளவு கனம். இதை யோசிக்காமல் வாங்கிய கட்டர்கள் கருகிப் போவதை அம்பத்தூர் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டல் கிச்சன் சாமான் செய்யும் ஒரு பட்டறை. 304 எஸ்.எஸ். (ஒரு ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சிங்க், 1.2 மி.மீ. ஷீட், குழாய் பொருத்த 35 மி.மீ. ஓட்டை. வேலை பழகும் பையன் பைமெட்டல் ஹோல் சாவை (கிண்ணம் மாதிரி, விளிம்பில் ரம்பப் பல் உள்ள கட்டர்; பல் மட்டும் வேறு உலோகம்) ஹேண்ட் டிரில்லில் மாட்டி முழு வேகத்தில் விட்டான். கீச்சென்று சத்தம், புகை. நிறுத்திப் பார்த்தால் பல் முனையெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது, ஷீட்டில் பளபளவென்று ஒரு வட்டம் மட்டும். மூத்த ஃபேப்ரிகேட்டர் வந்து டிரில்லை வாங்கிக்கொண்டார். "எஸ்.எஸ்.ஸைத் தேய்க்காதப்பா, கடிக்க விடு" என்றார்.

அதுதான் விஷயமே. கட்டர் வெட்டாமல் உரசினால் எஸ்.எஸ். மேல்பரப்பு இறுகிவிடும். அதன்பிறகு புதுப் பல் போட்டாலும் ஏறாது. 304 சூட்டைச் சீக்கிரம் கடத்தாது என்பதால் சூடு முழுக்கப் பல்லிலேயே தங்குகிறது. 35 மி.மீ. ஹோல் சாவுக்கு எஸ்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்று போதும். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த மூத்தவர் வேகத்தை இறக்கி, கட்டிங் ஆயில் விட்டு, விட்டுவிட்டு அழுத்தாமல் ஒரே சீராக அழுத்தினார். சுருள் சுருளாகச் சில்லு வந்தது. தினமும் சிங்க் ஓட்டை போடுகிறவர்கள் டி.சி.டி. கட்டர் (டங்ஸ்டன் கார்பைடு பல் வைத்தது) வாங்கிவிடுவது மேல். ஷீட்டைத் தாண்டி உள்ளே பாயாமல் தடுக்க அதில் விளிம்பு இருக்கும். ஆனால் கார்பைடு பல், ஆட்டினால் உடைந்துவிடும்.

கனமான பிளேட் வந்தால் கதையே வேறு. ஒரு ஷெட் வேலையில் 20 மி.மீ. பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு), எம்24 (24 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு 26 மி.மீ. ஓட்டை. கேஸில் அறுத்துவிடலாம் என்றார்கள். சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் சொன்னதுதான் சரி. கேஸில் அறுத்த ஓட்டை வட்டமாகவும் இருக்காது, ஓரமும் வெந்து போயிருக்கும். மேக்னட் டிரில்லில் (காந்தத்தால் இரும்பைப் பிடித்து நிற்கும் டிரில்) கோர் கட்டர் (குழாய் மாதிரி நடுவில் வெற்றாக உள்ள கட்டர்) மாட்டிப் போட்டோம். உலோகம் முழுவதையும் பொடியாக்காமல் வளையமாக மட்டும் வெட்டுவதால் வேலை வேகம், மோட்டாருக்கும் பாரம் குறைவு. வேகம் 300 சுற்றுக்குப் பக்கத்தில். நடுப் பின் வழியாக கூலண்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) இறங்க வேண்டும், அது அடைத்திருந்தால் கட்டர் போய்விடும். வெட்டி முடிந்ததும் நடுத்துண்டு சூடாகக் கீழே விழும். கீழே ஆள் நிற்கக் கூடாது.

மேக்னட் டிரில்லுக்குச் சங்கிலி கட்டாமல் வேலை தொடங்கவே கூடாது. சைட்டில் கரண்ட் போனால் காந்தப் பிடிப்பும் போய்விடும். அன்று எங்களுக்கு ஜெனரேட்டர் மாற்றும் நேரத்தில் அப்படித்தான் ஆனது. சங்கிலி இருந்ததால் மிஷின் பீமிலேயே தொங்கியது. மெல்லிய தகட்டில் காந்தம் சரியாகப் பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பேனல் போர்டு வேலை செய்கிறவர்களுக்கு 1.6 மி.மீ. ஷீட்டில் கிளாண்ட் (கேபிள் நுழையும் இடத்தில் பொருத்தும் பிடிப்பு) ஓட்டைக்கு ஸ்டெப் டிரில் (படிப்படியாக அகலும் கூம்பு பிட்) போதும். அடுத்த படி ஓட்டையின் ஓரத்தை லேசாகத் தொட்டால் பிசிறும் போய்விடும். சாதா டிரில் பிட் போட்டால் மெல்லிய ஷீட்டை இழுத்துச் சுற்றிவிடும், எனவே ஷீட்டைக் கிளாம்ப் போட்டே பிடியுங்கள், கையுறை வேண்டாம்.