பயனுறு தொகையா, பொலியெண்ணா?

கோபியிலிருந்து:

வணக்கமுங்க. புயலடித்த தீவுகளில் அருகிவரும் உயிர்களின் மரபுப் பன்மை (ஒரே இனத்துக்குள் மரபணுக்களில் உள்ள வேறுபாடு) கரைவதைப் பற்றிய கட்டுரையில் ஒரு சொல் இடிக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் காட்டுக் கிளிகள் 1975-இல் 13 மட்டுமே. ஏறத்தாழ 47 வரை தேறிய கூட்டம், 1989-இல் ஹியூகோ புயலுக்குப் பின் 23 அளவில் நின்றது. இது தலைக்கணக்கு. மரபுக்கணக்கு, அதாவது மரபணுக்களை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதில் இந்தக் கூட்டம் எத்தனை உயிர்களுக்குச் சமம் என்ற எண், இதைவிடச் சிறியது. முதிர்ந்த பாலோ கொலராடோ மரப் பொந்துகளில் கூடு வைக்கும் கிளி அது. மரம் சாய்ந்தால், பிழைத்த கிளிக்கும் முட்டையிட இடமில்லை. ஆங்கிலத்தில் effective population size எனப்படும் இந்தச் சிறிய எண்ணைப் ‘பயனுறு தொகை’ என்று எழுதினால், யாருக்குப் பயன் என்றுதான் கேட்கத் தோன்றும்.

காங்கயத்திலிருந்து:

சொல் நம்ம பட்டியிலேயே இருக்குதுங்க. 100 பசு, 4 பொலிகாளை (பசுக்களைச் சினையாக்க விடும் காளை) என்று வைத்துக்கொள்வோம். ஆணெண்ணையும் பெண்ணெண்ணையும் பெருக்கி, அதை நான்கு மடங்காக்கி, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும்: 1600-ஐ 104-ஆல் வகுத்தால் 15 சொச்சம். தலைமுறைக்குத் தலைமுறை தொலையும் மரபுப் பன்மை, இந்த எண்ணின் இருமடங்கில் ஒரு பங்கு. 104 என்று கொண்டால் இழப்பு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. 15 என்றால் 3 விழுக்காட்டுக்கு மேல். ஆகவே ‘பொலிதொகை’. பொலிகாளை மாதிரியே வினைத்தொகை, ‘த்’ மிகாது.

ஈரோட்டிலிருந்து:

வேர் அருமை, ‘தொகை’தான் தப்பு. அந்த 104-ம் பொலிந்தவைதானே! எண்ணினால் 104 வரும், 15 வராது. 15 கணித்தெடுத்த எண். புயலில் இது பளிச்சென்று தெரியும். ஐந்து தலைமுறைகளில் 100, 100, 10, 100, 100 என்றால் சாதாரணச் சராசரி 82. மரபுக்கணக்குக்கு இசைச் சராசரி வேண்டும்: ஒவ்வொன்றின் தலைகீழையும் கூட்டினால் 0.14, ஐந்தை அதனால் வகுத்தால் சுமார் 36. கூட்டம் மறுபடி நூறானாலும் அந்த ஒற்றைப் பத்து கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். 36 உயிர்கள் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. அதனால் ‘பொலியெண்’. ஒரு பருவத்தில் ஈன்றவற்றின் எண்ணிக்கைக்கும் சொல் தேவை. ‘பொலிதொகை’யை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

இதோடு கலக்கக் கூடாத ஒன்று உண்டு. 2017-இல் டர்க்ஸ் கைக்கோஸ் தீவுகளில் இர்மா, மரியா புயல்களுக்குத் தப்பிய பல்லிகளின் விரல் ஒட்டுத்திண்டு, முன்பிருந்தவற்றைவிடச் சராசரியில் பெரிதாக இருந்தது. அங்கே கெட்டியாகப் பற்றியது பிழைத்தது. அது இயற்கைத் தேர்வு. பொலியெண் சரிந்தால் மரபணுக்கள் குருட்டாம்போக்கில் தொலைகின்றன, நல்லதும் சேர்ந்தே போகும்.

காங்கயத்திலிருந்து:

ஏத்துக்கறேனுங்க. செடிகொடிக்கும் ஒத்துவரும். களத்துல பொலி தூற்றுறோமே!

கோபியிலிருந்து:

கட்டுரையில் இப்படிப் போகிறது: ‘புயல் ஓய்ந்து தலையெண் மீண்டாலும், பொலியெண் பல தலைமுறைகளுக்குத் தாழ்ந்தே கிடக்கும்.’ இரண்டுக்குமான விகிதத்துக்கு இப்போதைக்குப் ‘பொலிவிகிதம்’ என்று போட்டிருக்கிறேன். ஈரோட்டு ஐயா பார்த்துச் சொல்லுங்க.