கொட்டையுள்ள திராட்சை கூடை கூடையாய்ப் பழுத்துவிட்டால் என்ன செய்வது?

வெளிநாட்டில் வாடகைக்கு வீடு பிடிக்கும் அவசரத்தில், பின்புற வேலியில் படர்ந்திருக்கும் கொடியை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கோடை முடியும் தறுவாயில்தான் அது திராட்சை என்பதும், முன்பு குடியிருந்தவர் நட்டுவிட்டுப் போனது என்பதும், இன்னும் இரண்டு வாரத்தில் பத்துப் பதினைந்து கிலோ ஒரே மூச்சில் பழுத்து நிற்கப் போகிறது என்பதும் தெரியவருகிறது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டால் சாறு தேனாய் இனிக்கிறது. கூடவே மூன்று கொட்டைகள் பல்லில் இடறுகின்றன. விதையில்லாத பழத்துக்குப் பழகிய பிள்ளைகள் இரண்டாவது பழத்தைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் முதல் வருடம் பாதிக்கு மேல் குளவிக்கும் அழுகலுக்கும் போயிற்று. புதிதாக வந்திருப்பவர்களுக்கு அந்த இழப்பு நேராமலிருக்கவே இதை எழுதுகிறேன்.

வட அமெரிக்காவில் இருப்பவர்கள் முதலில் அது திராட்சைதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மூன்சீட் என்றொரு நச்சுக்கொடி அங்கே காடுகளிலும் வேலியோரங்களிலும் வளர்கிறது. அதன் கருநீலக் காய்க்கொத்து பார்வைக்குக் காட்டுத் திராட்சையைப் போலவே இருக்கும். திராட்சைக் கொடி சுருள் சுருளான பற்றுக்கம்பிகளால் வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். மூன்சீடுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: உள்ளே பிறைநிலா வடிவில் தட்டையான ஒற்றை விதை இருந்தால் அதை வாயில் வைக்கவே கூடாது.

பறிப்பதில் அவசரம் வேண்டாம். பறித்த பிறகு திராட்சை மேற்கொண்டு இனிப்பேறாது. கொடியில் எவ்வளவு பழுத்ததோ அவ்வளவுதான். கொத்தின் நுனிப் பழம் கடைசியாகத்தான் பழுக்கும் என்பதால் அதைச் சுவைத்துப் பார்ப்பது நல்லது. அதன் கொட்டை பச்சை மாறிப் பழுப்பாகியிருந்தால் கொத்தை வெட்டலாம். பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் மெழுகுப் படலம் அதற்கு இயற்கை அளித்த பாதுகாப்பு. ஆகவே உண்ணும் நேரத்தில் மட்டுமே கழுவ வேண்டும். வெடித்ததையும் அழுகியதையும் கிள்ளியெறிந்துவிட்டு, காற்றுப் புகும் பையில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒன்றிரண்டு வாரம் தாங்கும்.

ஆனால் பதினைந்து கிலோவுக்கு எந்தக் குளிர்சாதனப் பெட்டியிலும் இடம் இருக்காது. வேலை நாட்களில் உட்கார்ந்து சாறு எடுக்க நேரமும் இருக்காது. அப்போது கைகொடுப்பது ஃபிரீசர்தான். கொத்தைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, அப்படியே உறையவைத்துவிடலாம். உறைந்த கொத்தை ஒரு பையிலிட்டு உலுக்கினால் பழங்கள் காம்பைவிட்டுப் பொலபொலவென உதிரும். காம்பு ஆய்கிற பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. உறைந்து இளகிய பழத்தின் சதையும் தளர்ந்துவிடுவதால், பிற்பாடு சாறு எளிதாக இறங்கும்.

இனிச் சாறு. நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்: கொட்டையோடு மிக்ஸியில் போட்டு அரைத்தேன். சர்க்கரையை எவ்வளவு கொட்டியும் அந்தத் துவர்ப்பும் கசப்பும் நாக்கைவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் கொட்டை உடைந்தால் அதிலுள்ள டானின் முழுவதும் சாற்றில் கலந்துவிடும். கொட்டையை ஒவ்வொன்றாக எடுக்கவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். பழத்தைச் சூடாக்கினால் சதை தானே கழன்றுகொள்ளும். அகலமான பாத்திரத்தில் பழத்தைக் கையாலேயே பிசைந்து, அடிப்பிடிக்காமலிருக்க ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும் சேர்த்து, மிதமான தீயில் பத்து நிமிடம் வைத்தால் தோலின் நிறம் முழுவதும் இறங்கிவிடும். தளதளவென்று கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும். பிறகு கண்ணகலமான வடிகட்டியிலும், அடுத்து மெல்லிய துணியிலும் வடிகட்ட வேண்டும். தெளிந்த சாறு வேண்டுமென்றால் துணியைப் பிழியாமல், இரவு முழுவதும் கட்டித் தொங்கவிடுவதே உத்தமம்.

அந்தச் சாற்றைக் குளிரில் வைத்த மறுநாள், பாட்டிலின் அடியில் பளபளவென்று துகள்கள் படிந்திருப்பதைப் பார்த்துக் கண்ணாடி உடைந்து விழுந்துவிட்டதென்று பயந்து, ஒரு பாட்டில் முழுவதையும் கொட்டிவிட்டேன். அது பொட்டாசியம் பைடார்ட்ரேட் என்னும் உப்பு. பழத்திலேயே இருப்பது, குளிர்ந்ததும் படிகமாகிறது, கெடுதி ஏதுமில்லை. மேலே தெளிந்ததை மெதுவாக இறுத்துக்கொண்டால் போதும். ஜெல்லி செய்யப் போகிறவர்கள் இப்படி ஓரிரு நாள் வைத்து இறுத்த பிறகே செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லில் மணல் கடிபடும்.

வடித்த சாறு குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள்களுக்கு மேல் இருந்தால் நுரை கட்டத் தொடங்கும். அதை இறுக மூடிவைப்பது ஆபத்து. உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துவிடும். 1869ஆம் ஆண்டு நியூ ஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், சாறடைத்த பாட்டில்களை வெந்நீரில் சூடாக்கியே இந்தப் புளிப்பேறுதலை நிறுத்தினார். நமக்கு அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. டப்பாவில் இரண்டு விரற்கடை இடம் விட்டு உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

ஜாம் செய்ய எண்ணுபவர்கள் ஒரு பழத்தை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் சதை முழுதாக வழுக்கி வெளியே குதித்து, தோல் மட்டும் விரலில் தங்கினால் அது கான்கார்ட் என்னும் அமெரிக்கத் திராட்சையைப் போன்ற வகை. ஜாமுக்கு அதைவிடச் சிறந்த பழம் இல்லை என்பேன். சதையைத் தனியாக வேகவைத்துச் சல்லடையில் தேய்த்தால் கொட்டை மேலே தங்கிவிடும். பிறகு தோலையும் அதோடு சேர்த்து, கிலோவுக்கு எழுநூறு கிராம் சர்க்கரையும் ஓர் எலுமிச்சைச் சாறும் விட்டுக் காய்ச்சலாம். தோல் ஒட்டிக்கொண்டிருக்கும் வகையாக இருந்தால் முழுப் பழத்தையும் வேகவைத்துத் தேய்த்துவிட வேண்டியதுதான். பொங்கி வழியும் என்பதால் பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளும்போது மேற்பரப்பு சுருங்கினால் இறக்கிவிடலாம். பாதிப் பழுத்த கொத்து ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், அதில் பெக்டின் கூடுதல் என்பதால் விரைவில் இறுகும்.

உலர்திராட்சையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நான்கு கிலோ உலர்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். கொட்டையும் இன்னும் கடினமாகிவிடும். பழத்தைப் பிளந்து கொட்டை நீக்கும் பொறுமை எனக்கில்லை.

மிஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கத் தயங்காதீர்கள். புதிய தெருவில் அறிமுகமாக இதைவிட எளிய வழி கிடைக்காது. கொடுக்கும்போது இரண்டைக் கேட்டறிந்து கொடுங்கள். வீட்டில் நாய் இருந்தால், சில திராட்சைகள்கூட அதன் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். பிழிந்த சக்கையையும் நாய் எட்டாத இடத்தில்தான் கொட்ட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், தொண்டையில் அடைக்காதபடி பழத்தை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொட்டையை நீக்கித் தரச் சொல்லுங்கள்.

அடுத்த வருடம் இவ்வளவு வேண்டாம் என்று நினைத்து, வீட்டுக்காரரிடம் கேட்காமல் கொடியில் கத்தரிக்கோலை வைத்துவிடாதீர்கள். சென்ற பருவத்தில் வளர்ந்த கிளையிலிருந்து வரும் புதுத் தளிரில்தான் திராட்சை காய்க்கும். அந்தக் கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டால் அந்த வருடம் இலைதான் மிஞ்சும். இலையுதிர்ந்து கொடி உறங்கும் குளிர்காலத்தில், அனுமதி பெற்று, அப்படிப்பட்ட கிளைகளில் சிலவற்றை விட்டுவைத்து மற்றவற்றைக் கழித்தால், கொத்து குறையும், பழம் பருக்கும்.