பில்ட் ஆன விஎஸ்டி3 ரீப்பரில் தெரியவில்லை (லினக்ஸ், ஜூஸ், சிமேக்)

நுண்ணலை:
வணக்கம். சிறுகதைகளை என் குரலில் படித்துப் பதிவு செய்கிறேன். 'ஸ' வரும் இடமெல்லாம் சீறல் காதைக் குத்துகிறது. அதைத் தணிக்க, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்ந்து ஓடும் ஒரு சின்ன பிளக்இன்னை விஎஸ்டி3 என்ற வடிவில் நானே எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சி++ ஓரளவு தெரியும், ஆடியோ பக்கம் இதுதான் முதல் முறை.

உபுண்டு 24.04-இல் ஜூஸ் 8-ஐ (பிளக்இன் எழுத உதவும் சி++ தொகுப்பு) இறக்கி, அதோடு வரும் ஆடியோ பிளக்இன் எடுத்துக்காட்டை நகலெடுத்து ஆரம்பித்தேன். சிமேக் (பில்ட் வேலையை நடத்தும் கருவி) கொண்டு கட்டினால், முதலில் ஃப்ரீடைப் என்ற எழுத்துரு லைப்ரரி இல்லை என்று நின்றது. அதைப் போட்டால் திரைக்கான எக்ஸ்11 ஹெடர் ஒவ்வொன்றாகக் கேட்டது, அப்புறம் ஒலிக்கான ஆல்சா. ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் 100% வந்தது. பில்ட் ஃபோல்டரில் தேடி எஸ்ஓ ஃபைலை (கம்பைல் ஆகி வரும் லைப்ரரி) எடுத்து, ஹோம் ஃபோல்டரில் இருக்கும் '.விஎஸ்டி3'-க்குள் போட்டேன். ரீப்பரில் ஸ்கேன் செய்தால் பெயரே வரவில்லை. எரரும் இல்லை. எங்கே தவறவிட்டேன்?

தாளக்கட்டு:
எஸ்ஓ ஃபைலை மட்டும் எடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான். லினக்ஸில் விஎஸ்டி3 என்பது ஒரு ஃபைல் அல்ல, ஃபோல்டர். பெயரின் முடிவில் '.விஎஸ்டி3' என்று இருக்கும். அதற்குள் 'கன்டென்ட்ஸ்', அதற்குள் 'எக்ஸ்86_64-லினக்ஸ்', அதற்கும் உள்ளேதான் நீங்கள் எடுத்த எஸ்ஓ இருக்கிறது. ஹோஸ்ட், அதாவது பிளக்இன்னை ஓட்டும் ரீப்பர், தேடுவது வெளியில் இருக்கும் அந்த ஃபோல்டரை. தனியாகக் கிடக்கும் எஸ்ஓ அதற்கு ஒரு பிளக்இன்னே இல்லை, அதனால்தான் எரர்கூட வரவில்லை. பில்டுக்குள் 'ஆர்ட்டிஃபாக்ட்ஸ்' என்று முடியும் ஃபோல்டரில் பாருங்கள். அங்கிருந்து விஎஸ்டி3 ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். இன்னும் நல்லது, சிமேக் ஃபைலில் 'காப்பி பிளக்இன் ஆஃப்டர் பில்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கிவிடுங்கள். ஒவ்வொரு பில்டுக்கும் அதுவே கொண்டுபோய் வைத்துவிடும்.

இன்னொன்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள். எடுத்துக்காட்டில் தயாரிப்பாளர் குறியீடு, பிளக்இன் குறியீடு என்று நான்கு நான்கு எழுத்தில் இரண்டு இருக்கும். பிளக்இன்னின் அடையாள எண் அவற்றிலிருந்துதான் உருவாகிறது. நான் அதே எடுத்துக்காட்டிலிருந்து இரண்டு பிளக்இன் செய்து, குறியீட்டைத் தொடாமல் விட்டேன். இரண்டாவது வரவே இல்லை, இரண்டு நாள் புரோகிராம் வரிகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஹோஸ்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஹெடர் தேடி அலைந்த சாயங்காலத்தைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஜூஸின் 'டாக்ஸ்' ஃபோல்டரில் லினக்ஸுக்குத் தேவையான பேக்கேஜ் எல்லாம் ஒரே கட்டளையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த கணினியில் அங்கிருந்து தொடங்குங்கள்.

மூன்றாம்சுருதி:
விண்டோஸில் இதைப் படிப்பவர்களுக்கு: அங்கே விஎஸ்டி3 போய்ச் சேரும் இடம் 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே, 'காமன் ஃபைல்ஸ்' ஃபோல்டரில். அட்மின் அனுமதி இல்லாமல் அங்கே எழுத முடியாது. எல்லாம் கம்பைல் ஆகி, கடைசியில் நகலெடுக்கும் படியில் பில்ட் விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நுண்ணலை:
வந்துவிட்டது! ரீப்பரில் 'க்ளியர் கேஷ்' கொடுத்து மறுபடி ஸ்கேன் செய்தேன், பெயர் தெரிந்தது. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. குறியீட்டையும் மாற்றிவிட்டேன். ஆனால் என் ஃபில்டரை எழுதி ஓடவிட்டால் நடுநடுவே பட் பட் என்று வெடிக்கிறது. பஃபர் (ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித் துண்டு) 64 சாம்பிள், சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை சாம்பிள்) 48,000 ஹெர்ட்ஸ்.

தாளக்கட்டு:
64-ஐ 48,000-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 1.3 மில்லிசெகண்ட். ஒவ்வொரு முறையும் 'புராசஸ்பிளாக்' (ஒவ்வொரு பஃபருக்கும் ஹோஸ்ட் அழைக்கும் ஃபங்ஷன்) அந்த நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். சராசரியாக முடித்தால் போதாது, ஒருமுறை தாமதித்தாலும் காதில் வெடிப்பாகக் கேட்கும். இரண்டு கேள்வி. சிமேக்குக்கு பில்ட் டைப் 'ரிலீஸ்' என்று கொடுத்தீர்களா? மேக்ஃபைல் வழியாகக் கட்டும்போது எதுவும் கொடுக்காவிட்டால் ஆப்டிமைசேஷனே இல்லாமல் கம்பைல் ஆகும். அடுத்தது, புராசஸ்பிளாக்கில் வெக்டரை 'ரீசைஸ்' செய்கிறீர்களா?

நுண்ணலை:
பில்ட் டைப் கொடுக்கவில்லை. ரீசைஸ் இருக்கிறது, தற்காலிக பஃபருக்காக ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு வெக்டர் உண்டாக்குகிறேன்.

தாளக்கட்டு:
சரி, அதை முதலில் வெளியே எடுங்கள். புது வெக்டர் என்றால் ஒவ்வொரு முறையும் நினைவகம் கேட்பது; கேட்டால் எப்போது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெரும்பாலும் உடனே கிடைக்கும், எப்போதாவது தாமதமாகும். உங்கள் வெடிப்பு நடுநடுவே மட்டும் வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஒலி ஓடத் தொடங்கும் முன் ஹோஸ்ட் அழைக்கும் 'ப்ரிப்பேர்டுபிளே'-யில் அதிகபட்ச பிளாக் அளவு கையில் வருகிறது. அந்த அளவுக்கு அங்கேயே ஒதுக்கி வையுங்கள், புராசஸ்பிளாக் அதைப் பயன்படுத்த மட்டும் செய்யட்டும். மியூட்டெக்ஸ் பூட்டு (ஒரு த்ரெட் இன்னொன்றுக்காகக் காத்திருக்க வைப்பது), ஃபைலில் எழுதுவது, பிழை தேட என்று போட்ட பிரின்ட் வரி, இவையும் அங்கே வேண்டாம். முடிந்ததும் 'பிளக்இன்வேல்' என்ற இலவசக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். சாம்பிள் ரேட்டையும் பிளாக் அளவையும் மாற்றி மாற்றிச் சோதிக்கும்.

நுண்ணலை:
வெக்டரை ப்ரிப்பேர்டுபிளேக்கு நகர்த்தி, ரிலீஸ் பில்டும் செய்தேன். நாற்பது நிமிடப் பதிவு ஒன்றை முழுசாக ஓடவிட்டேன், ஒரு வெடிப்புகூட இல்லை. சீறல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது என் ஃபில்டர் கணக்கு. நாளை அதில் உட்காருகிறேன்.