தண்ணீரில் விழுந்த போன்: கட்டணம் எப்படிப் போடுறாங்க?

கேள்வி: போன் தண்ணீரில் விழுந்து ஆன் ஆகவில்லை. ஒரு கடையில் 600 ரூபாய், இன்னொன்றில் 3,500. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: 600 அநேகமாகக் கழுவ மட்டும். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைக் கழற்றி, 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் காயவைப்பார்கள். சிப்புகளை மூடியிருக்கும் ஷீல்டு என்ற உலோக மூடியையும் எடுப்பார்களா என்று கேளுங்கள். அதற்கடியில்தான் பச்சையாக அரிப்பு பூத்திருக்கும். 3,500 என்றால் போர்டு வேலையும் சேர்ந்திருக்கும். பேட்டரிக்குப் பதிலாக, மின்னோட்டத்தைக் காட்டும் டிசி பவர் சப்ளை கருவியில் போர்டை மாட்டியதும், பவர் பட்டனை அழுத்தும் முன்பே ஆம்பியர் (மின்னோட்ட அளவு) ஏறினால், போர்டு முழுக்க மின்சாரம் கொடுக்கும் மெயின் லைன் ஷார்ட். பல நேரம் கெபாசிட்டர் என்ற ஒரு குட்டிப் பாகம்தான் காரணம். பொருள் விலை சொற்பம். கூலி அதைத் தேடிப் பிடிப்பதற்கு.

பதில்: டிஸ்பிளே, பேட்டரி போயிருந்தா அது தனிக் கணக்கு. சரியாகலைன்னா எவ்வளவுன்னு முதல்லயே பேசிடுங்க. உப்புத்தண்ணின்னா இன்னைக்கே கொடுங்க. எந்தத் தண்ணியா இருந்தாலும் சார்ஜ் போட்டுப் பார்க்கவே பார்க்காதீங்க, கரண்ட் ஓடினா அரிப்பு மளமளன்னு பரவும்.

கேள்வி கேட்டவர்: நல்ல தண்ணீர்தான். ஆனால் நேற்றிரவே சார்ஜ் போட்டுவிட்டேன்.

பதில்: அப்போ வெறும் கழுவல் போதாம போகலாம். ஷார்ட் பார்க்கிற கடைக்கே போங்க.