குப்பைமேட்டு வாயுவிலிருந்து மின்சாரம்: பெருங்குடியில் ஏன் இல்லை?

கேள்வி:
லாஸ் ஏஞ்சலிஸ் அருகே உள்ள புவென்டே ஹில்ஸ் குப்பைமேடு 2013இல் மூடப்பட்ட பின்னரும் அதன் வாயு மின்னுற்பத்திக்குப் பயன்பட்டதாகப் படித்தேன். பல பத்தாண்டுக் குப்பை குவிந்த பெருங்குடியில் அதைச் செய்யாமல், அகழ்ந்து பிரித்து அகற்றும் வழியைச் சென்னை மாநகராட்சி தேர்ந்தது ஏன்?

மறுமொழி 1:
இரண்டும் ஒரே வகையல்ல, ஐயா. புவென்டே ஹில்ஸில் குப்பையை அடுக்கடுக்காக அழுத்தி, மண்ணால் மூடி, உள்ளே துளைக்குழாய்கள் இறக்கி வாயுவை உறிஞ்சினார்கள். பெருங்குடியோ திறந்தவெளிக் கிடங்கு. காற்று புகும் இடத்தில், எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செயல்படா; உண்டாகும் வாயுவும் வெளியேறிவிடும், தீயும் பிடிக்கும். நமது வெப்பத்தில் உணவுக் கழிவு விரைவில் மட்கிவிடுவதால் பழைய குப்பையில் எஞ்சியிருக்கும் வாயுவும் குறைவே. தவிர, அது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய இடம். நிலத்தை மீட்பதே முதன்மை என்பது என் கருத்து.

மறுமொழி 2:
இவ்வாயுவை எரித்து மின்சாரம் தரும் இயந்திரத்தின் பாடும் எளிதல்ல. இவ்வாயுவில் ஏறத்தாழப் பாதிதான் மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அதில் சிறிதளவு கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு உலோகத்தை அரிக்கும். ஷாம்பு போன்றவற்றிலிருந்து வரும், சிலிக்கான் அடங்கிய சேர்மங்களான சிலாக்சேன்கள் எரிந்து, சிலிண்டருக்குள் மணல் போன்ற சிலிக்காவாகப் படியும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் புதிய உணவுக் கழிவை என்ன செய்வது?

மறுமொழி 1:
மேட்டுக்கு அனுப்பாமல் பிரித்தெடுத்து, மூடிய சாண எரிவாயுக் கலன் போன்ற அமைப்பில் இடலாம். கோயம்பேடு சந்தைக் கழிவுக்கு அத்தகைய நிலையம் அமைக்கப்பட்டது.