புதுப்பிப்பு: மாண்டலே அரண்மனையில் பழையது எதுவும் மிஞ்சவில்லையா?

1945 போரில் மியான்மரின் (பர்மா) மாண்டலே அரண்மனை எரிந்துவிட்டது, இன்று நிற்பவை 1990களில் கட்டிய மண்டபங்கள், போவது வீண் என்று முன்பு எழுதியிருந்தேன். 2019 டிசம்பரில் நேரில் போய்வந்தேன். பாதி தவறு.

புது மண்டபங்கள் என்னைத் தொடவில்லை. ஆனால் மதிலுக்கு வெளியே, வடகிழக்கில், ஷ்வேனன்டாவ் மடாலயம் இருக்கிறது. முழுக்கத் தேக்கு. பர்மிய மன்னர் மிண்டோன் 1878இல் உயிர்விட்ட அரண்மனைக் கட்டடமே அது! மகன் தீபா அதைப் பிரித்தெடுத்து வெளியே மறுபடி நிறுவி, துறவிகளுக்குக் கொடுத்தார். அதனால்தான் நெருப்புக்குத் தப்பியது. வெளிச்சுவரில் பொன்பூச்சு உதிர்ந்து மரம் கறுத்திருக்கிறது. உள்ளே தூண்களில் இன்னும் மின்னுகிறது. கதவுச் செதுக்கல்களை விட்டு நகரவே மனம் வரவில்லை.

தந்தைக்குப் பின் மன்னரான தீபாவை 1885இல் ஆங்கிலேயர் நாடுகடத்தி, முதலில் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள், பிறகு மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரிக்கு. அங்கேயே 1916இல் இறந்தார்.

மாண்டலே போகிறவர்கள் முதலில் இந்த மடாலயத்தைப் பாருங்கள்.