புதுப்பிப்பு: சமுதாய வானொலிக்குக் கானாவும் கவிதையும் பதிவு செய்ய

வியாசர்பாடி, காசிமேடு பக்கத்துக் கவிஞர்களும் கானா பாடகர்களும் போனிலேயே பதிவு செய்து சமுதாய வானொலிக்கு அனுப்பலாம் என்று எழுதிய இழையின் தொடர்ச்சி இது. அதிகம் வந்த கேள்வி: "போன்ல நல்லாத்தான் கேக்குது, ரேடியோல ஏன் கரகரங்குது?"

பெரும்பாலும் காரணம் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். அது ஒலியைச் சுருக்கிவிடும். நிலையத்தில் மறுபடி எம்பி3 ஆக்கும்போது 'ச', 'ஸ' எல்லாம் சிதறும். ரெக்கார்டர் ஆப்பில் வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு), 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைச் சேனல்) என்று வைத்துப் பதிவு செய்து, 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி ஆகும்.

கானாவில் டோலக்தான் சிக்கல். போன் பாடகர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். டோலக் ஆறடி பின்னால். ஆட்டோ கெயினை (ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் குரல் அமுங்கி எழும். ஆப்பில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் -6 டெசிபலைத் தாண்டினால் போனைக் கொஞ்சம் நகர்த்துங்கள். பாடகரைக் குரலைத் தணித்துப் பாடச் சொல்லாதீர்கள். கானாவின் உயிரே அந்த எடுப்பில்தான்.

ஏரோப்ளேன் மோட் போட்டு, ஃபேனை நிறுத்துங்கள். பாடி முடித்ததும் பத்து நொடி ரெக்கார்டிங்கைச் சும்மா ஓடவிடுங்கள். எடிட்டர் வெட்டிய இடத்தை அந்த மௌனத்தால்தான் நிரப்புவார். கன்டெய்னர் லாரி ஹாரன் குறுக்கே வந்தால் அந்த வரியை முதலிலிருந்து சொன்னால் போதும்.

சினிமா மெட்டு வேண்டாம். வரி உங்களுடையதானாலும் மெட்டின் உரிமை வேறொருவருடையது. நிலையத்துக்குத் தரும் ஒப்புதல் கடிதத்தில் "ஒலிபரப்ப மட்டும் அனுமதி, படைப்புரிமை என்னுடையது" என்று கட்டாயம் எழுதுங்கள்.